யூதர்கள் யாரை நபி என்கிறார்கள்? ஒரு விடைத்தாளின் கதை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஷஅபான் மாதம், நாம் பாடம் நடத்தும் மாலை மதரஸாவின் ஆண்டுத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம். நாம் ஈமான் கொண்டுள்ள நபிமார்களுள் யூதர்கள் ஏற்காதவர்கள் யாவர் என்பது கேள்வி, 5 மதிப்பெண். நாம் எதிர்பார்த்த விடை ஒரே வரி: ஈஸா (அலை) அவர்களும் முஹம்மத் (ஸல்) அவர்களும். 12 ஆண்டுகளாக நம் கைப்பட எழுதி, நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் பாடக் குறிப்பில் அவ்வாறுதான் இருந்தது.

மேல் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். இஸ்மாயீல், லூத், ஹூத், ஸாலிஹ், ஸக்கரிய்யா, யஹ்யா (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரையும் யூதர்கள் நபிமார்களாகக் கொள்வதில்லை. தாவூத், ஸுலைமான் (அலை) இருவரும் அவர்களுக்கு அரசர்கள் மட்டுமே. இவ்வாறு எழுதிவிட்டு, "பக்கத்து வீட்டு பைபிளில் பார்த்தேன்" என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தாள். நாம் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுப் பூஜ்யம் போட்டோம். ஓரத்தில் "பாடக் குறிப்பைப் படிக்கவும்" என்றும் எழுதினோம். 4 மதிப்பெண் வித்தியாசத்தில் அவளுக்கு முதல் பரிசு தவறியது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அத்தா வந்தார். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். "மார்க்கு போனா போகட்டும் ஹஜ்ரத். நான் பொய் எழுதிட்டேனா அத்தான்னு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா. பொய்யா இல்லையான்னு மட்டும் நீங்க பார்த்துச் சொல்லிட்டா போதும்" என்றார். பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அப்போது நம் மனத்தில் இருந்தது ஐயமன்று, எரிச்சல்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும், அரை மாதம் முடியுமுன்பே அவர் அதைக் கற்றுத் தேர்ந்ததையும் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். சொன்ன நாம், யூதர்கள் தம் நபிமார்களைப் பற்றித் தாமே என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பக்கமும் புரட்டிப் பார்த்ததில்லை. பட்டயப் படிப்பில் பிற சமயங்கள் பற்றிய ஒரு தாள் இருந்தது. தேர்வு முடிந்ததும் அதுவும் மறந்து போயிற்று. ஆகவே அந்த ரமளானில், தராவீஹ் முடிந்த பின், தல்மூதின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தல்மூது என்பது யூத அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பு. ஒருவர் சொல்வார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர் இருவரையும் கேள்வி கேட்பார். நம்முடைய ஃபிக்ஹு கிதாபுகளில் பழகியவர்களுக்கு அந்த நடை அந்நியமாகத் தோன்றாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஹீப்ருவில் "நாவி" என்பதும் அரபியில் "நபி" என்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். தவ்ராத் என்று யூதர்கள் இன்று ஓதும் ஐந்து ஆகமங்களில் இச்சொல் முதன்முதலாக வருவது இப்ராஹீம் (அலை) அவர்களைக் குறித்தே. அபிமெலேக்கு என்ற அரசனின் கனவில் இறைவன் எச்சரிக்கும்போது, அவர் ஒரு நாவி, உனக்காக அவர் வேண்டுதல் செய்வார் என்ற கருத்தில் அது வருகிறது. பிறகு மூஸா (அலை) அவர்களிடம், உம் சகோதரர் ஹாரூன் உமக்கு நாவியாக இருப்பார் என்று சொல்லப்படும் இடத்தில், ஒருவரின் வார்த்தையைப் பிறரிடம் எடுத்துச் சொல்பவர் என்ற பொருளில் அதே சொல் நிற்கிறது. சாமுவேலின் ஆகமத்திலோ, இன்று நாவி எனப்படுபவர் முற்காலத்தில் "காண்பவர்" என்று அழைக்கப்பட்டார் என்று ஒரு குறிப்பு உண்டு. வேண்டுபவர், எடுத்துரைப்பவர், காண்பவர் என ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் அடங்கியிருக்கின்றன. நாம் "நபி" என்று சொல்லும்போது நினைப்பதும் அவர்கள் "நாவி" என்று சொல்லும்போது நினைப்பதும் ஒன்றே என்று எண்ணியது நமது முதல் பிழை.

சரி, அவர்கள் எத்தனை பேரை எண்ணுகிறார்கள்? தல்மூதின் மெகில்லா என்னும் பகுதியில் எண்ணிக்கை தெளிவாக இருக்கிறது: பனூ இஸ்ராயீலுக்காக வந்த ஆண் நபிமார்கள் 48 பேர், பெண் நபிமார்கள் 7 பேர். அவர்களுள் எவரும் தவ்ராத்தில் எழுதப்பட்டதற்கு மேல் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எஸ்தரின் வரலாற்றை ஆண்டுதோறும் ஓதவேண்டும் என்ற ஒன்றைத் தவிர. உடனே ஒரு கேள்வி எழுகிறது: இவ்வளவுதானா? விடை வருகிறது: இல்லை, எகிப்திலிருந்து புறப்பட்டவர்களைப் போல் இரு மடங்கு நபிமார்கள் இருந்தனர், பின்வரும் தலைமுறைகளுக்குத் தேவையான செய்தி மட்டும் எழுதப்பட்டது, மற்றவை எழுதப்படவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்கள் சுமார் 6 லட்சம் என்பது அவர்களின் வேதக் கணக்கு. இரு மடங்கு என்றால் 12 லட்சம்!

இதைப் படித்த இரவு சற்று நேரம் கிதாபை மூடி வைத்துவிட்டோம். குர்ஆன் பெயர் சொல்லும் நபிமார்கள் 25 பேர். சிலருடைய வரலாற்றைச் சொல்லியிருப்பதாகவும் சிலருடையதைச் சொல்லவில்லை என்றும் அல்லாஹ் அறிவிக்கிறான். 1,24,000 என்ற எண்ணை நம் மேடைகளில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்; அந்த அறிவிப்பின் தரம் பற்றி முஹத்திஸ்கள் கருத்து வேறுபட்டிருப்பது வேறு செய்தி. பெயர் தெரிந்தவர் சிலர், தெரியாதவர் பலர் என்ற எண்ணம் அவர்களிடமும் இருக்கிறது என்பதை நாம் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அந்த 48 பேர் யார் என்று தல்மூது பட்டியலிடவில்லை. பிரான்சு நாட்டில் ட்ராய் என்னும் ஊரில் வாழ்ந்த ராஷி (1040–1105) என்ற புகழ்பெற்ற விரிவுரையாளர், தமக்கு முந்திய நூல் ஒன்றைத் துணைக்கொண்டு பெயர்களை வரிசைப்படுத்துகிறார். இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப், மூஸா, ஹாரூன் (அலைஹிமுஸ்ஸலாம்) என்று அவரது வரிசை தொடங்குகிறது. யோசுவா, நாத்தான், எலியா என்று நீள்கிறது. அதில் தாவூத் (அலை) அவர்களும் இருக்கிறார்கள், ஸுலைமான் (அலை) அவர்களும் இருக்கிறார்கள். 46 பெயர்களைச் சொல்லிவிட்டு, மீதி இருவரைத் தாம் அறியவில்லை என்று ராஷி எழுதுகிறார். பிற்காலத்தவர் பலர் அந்த இரண்டு இடங்களை நிரப்ப முயன்றிருக்கிறார்கள். அவர் தாமே இரண்டு பெயர்களை ஊகித்து எழுதியிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்?

ஆக, தாவூத் (அலை) அவர்கள் யூதர்களுக்கு அரசர் மட்டுமே என்று அந்தப் பிள்ளை எழுதியது முழுவதும் சரியன்று. ஆயினும் அவள் ஏன் அவ்வாறு எழுதினாள் என்பது விளங்கிற்று. யூத வேதம் மூன்று பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது: தோரா, பிறகு நெவியீம் எனப்படும் நபிமார்களின் ஆகமங்கள், பிறகு கெத்துவிம் எனப்படும் எழுத்துகள். நாம் ஸபூர் என்று அறிவதோடு ஒப்பிடப்படும் சங்கீதங்கள் நபிமார்களின் பகுதியில் வைக்கப்படவில்லை. மூன்றாம் பகுதியில் இருக்கின்றன. வேதத்தின் கதையிலும் தாவூத் (அலை) அரியணையில் இருக்க, நாத்தான், காத் என்னும் வேறு இருவர் நபிமார்களாக வந்து அவரிடம் பேசுகிறார்கள்.

இதற்கு ஒரு விளக்கத்தை நாம் கண்டது அரபு மொழியில். குர்துபாவில் பிறந்து எகிப்தில் 1204ஆம் ஆண்டு மறைந்த மூஸா இப்னு மைமூன், யூதர்களின் மிகப் பெரிய சட்ட அறிஞர்களுள் ஒருவர். "தலாலத்துல் ஹாயிரீன்" என்ற நூலை ஹீப்ரு எழுத்தில், ஆனால் அரபு மொழியில் எழுதினார். நபித்துவத்துக்கு 11 படிகள் உண்டு என்பது அதில் அவர் கூறும் கருத்து. முதல் இரண்டு படிகள் உண்மையான நபித்துவத்துக்கு ஏறும் வழி மட்டுமே. தாவூத், ஸுலைமான் (அலை) இருவரையும் தானியேலையும் இரண்டாம் படியில் வைக்கிறார். அவர்கள் பேசியது "பரிசுத்த ரூஹ்" தந்த உந்துதலால் என்கிறார். மூஸா (அலை) அவர்களின் நிலையோ எந்தப் படிக்குள்ளும் அடங்காதது, தனியானது. நம் வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும்: நமக்கு ரூஹுல் குதுஸ் என்றால் ஜிப்ரீல் (அலை). அவர்கள் அதே போன்ற சொல்லால் குறிப்பது ஒரு நிலையை, அருளை. சொல்லின் ஒற்றுமையை நம்பி நடந்தால் கால் இடறும்.

தானியேலைப் பற்றி ஒரு சுவையான செய்தி. கிறிஸ்தவர்களின் பைபிளில் அவரது ஆகமம் தீர்க்கதரிசிகளின் நடுவே, எசேக்கியேலுக்கு அடுத்து இருக்கிறது. யூதர்களோ அதைக் கெத்துவிம் பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஆகாய், சகரியா, மல்கியா என்னும் மூவரையும் தானியேலோடு ஒப்பிட்டுத் தல்மூது பேசுகிறது: அவர்கள் நபிமார்கள், இவர் நபி அல்லர் என்பதால் அவர்கள் உயர்ந்தவர்கள், இவர் கண்ட காட்சியை அவர்கள் காணவில்லை என்பதால் இவர் உயர்ந்தவர். பக்கத்து வீட்டு பைபிளைப் பார்த்து யூதர்களின் எண்ணத்தை அறிய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்லும் இன்னொன்றையும் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. நபிமார்கள் பாவங்களிலிருந்து பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது நம் அகீதா. தாவூத் (அலை) அவர்கள் மீது அவர்களின் ஆகமத்தில் வரும் பழியை நாம் ஏற்பதில்லை, ஏற்கவும் மாட்டோம். ஆனால் "யூதர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள்" என்று சொல்லிவந்தோமே, அது சரியா? தாவூத் பாவம் செய்தார் என்று சொல்பவன் பிழை செய்கிறான் என்று ஒரு ரப்பி வாதிடுவதைத் தல்மூதிலேயே கண்டோம். அதே பக்கத்தில் இன்னொரு ரப்பி, தாவூதுக்குச் சாதகமாக விளக்கம் சொன்ன ஒருவரைக் குறித்து, அவர் தாவூதின் வம்சத்தவர், அதனால்தான் பரிந்து பேசுகிறார் என்கிறார். தங்களுக்குள் விவாதித்துக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டத்தை ஒற்றை வாக்கியத்தில் அடைத்திருந்தோம்.

7 பெண் நபிமார்கள் யாவர்? சாராள், மிரியாம், தெபோராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர். மிரியாம் என்பவர் மூஸா (அலை) அவர்களின் சகோதரி; பேழை நீரில் மிதந்து சென்றபோது கரையோரமாகப் பின்தொடர்ந்ததாகக் குர்ஆன் பெயர் சொல்லாமல் குறிப்பிடும் அந்தப் பெண்மணி. தெபோராள் ஒரு பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து மக்களுக்குத் தீர்ப்பு வழங்கியவர். அன்னாள் உதடு மட்டும் அசைய, ஓசையின்றி வேண்டியதைக் கொண்டு தொழுகையின் ஒழுங்குகளைத் தல்மூது எடுத்துக்காட்டுகிறது. உல்தாளின் செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. பைத்துல் மக்திஸில் பழைய வேதச் சுருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டபோது, யோசியா அரசன் தலைமை இமாமையே இந்தப் பெண்ணிடம் அனுப்பிக் கேட்கச் சொன்னான். எரேமியா என்ற பெரிய நபி அப்போது இருந்தாரே, அவரிடம் ஏன் அனுப்பவில்லை என்று தல்மூது கேட்கிறது. அவள் எரேமியாவின் உறவினள், அவர் மனம் கோணமாட்டார் என்பது ஒரு விடை. பெண்கள் இரக்கம் உள்ளவர்கள் என்று அரசன் எண்ணினான் என்பது மற்றொன்று.

பெண்களுக்கு நபித்துவம் இல்லை என்பதே நம் பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. ஆனால் குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார். மர்யம் (அலை), மூஸா (அலை) அவர்களின் தாயார் ஆகியோருக்கு வந்தது நபித்துவமே என்று அவர் வாதிட்டார். ரஸூல் என்னும் பொறுப்பு வேறு, நபித்துவம் வேறு என்பது அவரது அடிப்படை. இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களும் மர்யம் (அலை) விஷயத்தில் அவ்வாறே கருதினார்கள். இதை நாம் வகுப்பில் ஒருமுறையும் சொன்னதில்லை. வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்.

இஸ்ராயீலருக்கு வெளியே? பிற சமுதாயங்களுக்கு வந்த நபிமார்கள் எழுவர் என்று தல்மூதின் வேறோர் இடம் சொல்கிறது. அவர்களுள் ஐயூப் (அலை) ஒருவர். எனினும் அப்படி ஒருவர் வாழவே இல்லை, அது ஓர் உவமைக் கதை என்று சொன்னவரும் அவர்களுள் உண்டு. அவரை உடனே மறுத்தவரும் உண்டு. பிலேயாமும் அந்த எழுவரில் ஒருவன். நம் தஃப்ஸீர்களில் பல்ஆம் இப்னு பாஊரா என்று வருபவன். அத்தாட்சிகள் கொடுக்கப்பட்டும் அவற்றிலிருந்து நழுவிப் போனவனைப் பற்றிய வசனத்துக்கு முஃபஸ்ஸிர்கள் பலர் அவனையே சுட்டுகிறார்கள். 1967ஆம் ஆண்டு ஜோர்தானில் தைர் அல்லா என்ற இடத்தில் கிடைத்த மிகப் பழைய சுவர்ப்பூச்சு எழுத்துகளிலும் அவன் பெயர் இருக்கிறது. தீயவன், ஆயினும் நாவி! நம் அகீதாவில் இவ்விரண்டும் ஒருவரிடம் சேர வழியே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹூத், ஸாலிஹ் (அலை) பற்றிய செய்தி அவர்களின் வேதத்தில் இல்லை. இஸ்மாயீல் (அலை) அவர்களுக்குப் பெரும் சமுதாயம் வாக்களிக்கப்படுகிறது. நாவி என்ற சொல் இல்லை. லூத் (அலை) பற்றி அங்கே வருவதை நாம் வாயால் சொல்லத் தயங்குவோம். நூஹ் (அலை) நீதிமான் எனப் புகழப்படுகிறார்கள், இறைவன் அவர்களோடு பேசுகிறான். அங்கும் அச்சொல் இல்லை. பெயரைக் கண்டு ஏமாறத்தக்க ஓரிடமும் உண்டு: அவர்களின் சகரியா, பாரசீக மன்னன் தாரியூவின் காலத்தவர். மர்யம் (அலை) அவர்களை வளர்த்த நம் ஸக்கரிய்யா (அலை) அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர்கள்.

ஆகாய், சகரியா, மல்கியா மூவரும் மறைந்தபின் பரிசுத்த ரூஹ் இஸ்ராயீலரை விட்டு நீங்கிற்று என்பது தல்மூதின் கூற்று. அது அவர்களுக்கு நிரந்தரமான முடிவன்று. எலியா மீண்டும் வருவார் என்று காத்திருக்கிறார்கள், பஸ்கா இரவு விருந்தில் அவருக்கென ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். நமக்கோ நபித்துவம் முஹம்மத் (ஸல்) அவர்களோடு முத்திரையிடப்பட்டுவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் நம் நபியை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் யமனில் வாழ்ந்த நதனேல் அல்ஃபய்யூமீ என்ற யூத அறிஞர், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் அதன் மொழியில் நபிமார்கள் அனுப்பப்படுகிறார்கள் என்றும், அரபுகளுக்கு முஹம்மத் (ஸல்) அவ்வாறு அனுப்பப்பட்டவர் என்றும் எழுதினார். தவ்ராத் மாற்றப்படவில்லை, யூதர்கள் அதையே பின்பற்றவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய கருத்தை அவர்களுள் மிகச் சிலரே கொண்டிருந்தனர். இருப்பினும், நம் விடைக் குறிப்பின் ஒற்றை வரிக்கு அவர்கூட ஒத்துழைக்கவில்லை!

ஷவ்வால் பிறந்தது. மதரஸா நிர்வாகக் குழுவிடம் விடைத்தாளைத் திருத்தப் போகிறோம் என்றோம். வயதில் மூத்த ஒருவர் தயங்கினார். "பரிசு கொடுத்து முடிஞ்ச விஷயம் ஹஜ்ரத். இதைக் கிளறுனா, மதரஸால யூத வேதம் சொல்லிக் குடுக்குறாங்கன்னு ஊர்ல பேச்சு வரும்" என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. நாம் சொன்னது ஒன்றுதான்: பிறர் சொல்லாததை அவர்கள் சொன்னதாக 12 ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தது நாம், அந்தக் கணக்கு மறுமையில் நம்மிடம்தான் கேட்கப்படும். அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

5க்கு 4 மதிப்பெண் போட்டோம். தாவூத், ஸுலைமான் (அலை) பற்றிய வரிக்கு ஒன்று குறைத்தோம். கூட்டிப் பார்த்தால் அவளும் முதல் பரிசு பெற்றவளும் சமம். சுவர்க் கடிகாரம் ஏற்கெனவே அந்தப் பிள்ளையின் வீட்டில் மாட்டப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கேட்க முடியுமா? இன்னொன்று நாம் வாங்கிக் கொடுத்தோம்.

வகுப்பு தொடங்கிய முதல் நாள், பழைய பாடக் குறிப்பை எல்லாரையும் எடுத்து வரச் சொல்லி, அந்த வரியை அடிக்கச் சொன்னோம். நாம் எழுதியது தவறு என்றும், உங்களுள் ஒருத்தி எழுதியது பெரும்பாலும் சரி என்றும் சொன்னோம். பிறகு மேலே எழுதியவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, ராஷியின் பட்டியலில் நிறுத்தினோம். அவள் கையை உயர்த்தினாள்.

"அந்த ரெண்டு பேர் யாரு ஹஜ்ரத்?"

"தெரியலம்மா" என்றோம்.

"சரி ஹஜ்ரத்" என்று சொல்லி, நோட்டில் இரண்டு வரி இடம் விட்டுக்கொண்டாள்.